24 சதவீதமா, 0.24 சதவீதமா? நுண்துகளைத் தடுக்க எங்கே, எதை நடுவது

மரங்களும் காற்று மாசும் பற்றிய பேச்சில் இரண்டு எண்கள் அடிக்கடி மோதிக்கொள்ளும். டேவிட் நோவாக் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் அமெரிக்காவின் 10 நகரங்களுக்கு ஒரு மாதிரிக் கணக்குப் போட்டு 2013இல் வெளியிட்டார்கள். ஒரு நகரின் மரங்கள் அத்தனையும் சேர்ந்து காற்றிலுள்ள நுண்துகளை ஆண்டுச் சராசரியில் எவ்வளவு குறைக்கின்றன என்பதே கேள்வி. சான் பிரான்சிஸ்கோவுக்கு 0.05 சதவீதம் என்றும், அட்லாண்டாவுக்கு 0.24 சதவீதம் என்றும் விடை வந்தது. பத்து நகரங்களில் அதிகபட்சமே அவ்வளவுதான். மூன்று ஆண்டுகள் கழித்து, 2016இல், தி நேச்சர் கன்சர்வன்சி அமைப்பு உலகின் 245 நகரங்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை தந்தது. மரங்களை ஒட்டிய இடத்தில் துகள்மாசு 7 முதல் 24 சதவீதம் வரை குறையும் என்றது அது.

மரம் நடச் சொல்பவர் 24ஐ எடுத்துக்கொள்கிறார், நட்டு என்ன பயன் என்பவர் 0.24ஐ எடுத்துக்கொள்கிறார். நூறு மடங்கு வித்தியாசம் இருந்தும் இரண்டும் சரியான எண்களே. ஒன்று நகரம் முழுவதன் காற்றைக் கேட்கிறது. மற்றொன்று மரத்தடியில் நிற்பவரின் மூக்கைக் கேட்கிறது. பசுமைக்காகப் பணம் செலவழிக்கப் போகிறவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது இந்த இரண்டில் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதைத்தான்.

இங்கே நான் வைத்துக்கொள்ளும் நிலைமை இது. போக்குவரத்து மிகுந்த சாலையை ஒட்டி ஒரு பள்ளியோ குடியிருப்போ இருக்கிறது. கொஞ்சம் நிலம் இருக்கிறது, ஒருமுறை செலவழிக்கப் பணம் இருக்கிறது. கூட்டத்தில் நான்கு யோசனைகள் வருகின்றன: சாலை நெடுக மரம் வைப்பது, எல்லையில் உயிர்வேலி போடுவது, எல்லாப் பணத்தையும் ஒரே பூங்காவில் இடுவது, சுவரிலும் கூரையிலும் செடி வளர்ப்பது. என் சாய்வை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நுண்துகள் ஒன்றே கவலை என்றால் முதல் காசு உயிர்வேலிக்கு. ஏன் என்பதற்கு இலையில் துகள் எப்படி ஒட்டுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இலை ஒரு சல்லடை அல்ல

நுண்துகள் எனப்படும் பி.எம். 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் கீழும் விட்டமுள்ள துகள். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரோமீட்டர். அதில் இருபதில் ஒரு பங்குதான் இதன் மேல்வரம்பு. இவ்வளவு சிறிய துகள் இலையில் படிவதற்கு இரண்டே முக்கிய வழிகள். துகள் கொஞ்சம் பெரிதாக இருந்தால், காற்று இலையைச் சுற்றி வளையும்போது அதால் வளைய முடியாமல் நேரே போய் இலையில் மோதும். மிக மிகச் சிறிதாக, 0.1 மைக்ரோமீட்டருக்கும் கீழே இருந்தால், காற்று மூலக்கூறுகள் இடிக்க இடிக்கத் தள்ளாடித் தள்ளாடி எப்படியோ இலையைத் தொட்டுவிடும். சிக்கல் நடுவில் இருக்கிறது. 0.1 முதல் 1 மைக்ரோமீட்டர் வரையிலான துகளுக்கு மோதும் அளவுக்குக் கனம் போதாது. தள்ளாடும் அளவுக்கு அது இலேசானதும் அல்ல. காற்றோடு காற்றாக வளைந்து இலையைக் கடந்துவிடும். நுண்துகள் மாசின் எடையில் பெரும்பகுதி இந்த நடு அளவிலேயே இருக்கிறது என்பதுதான் கெட்ட செய்தி. இயற்கையின் எந்த வடிகட்டிக்கும் எளிதில் அகப்படாததால்தான் இது நாள்கணக்கில் காற்றில் மிதந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணிக்கிறது.

சாலையோர மரத்தின் இலையை விரலால் தேய்த்துக் கருப்பைக் காட்டி, ‘பார், மரம் எவ்வளவு மாசைப் பிடித்திருக்கிறது’ என்பவர்களைக் கண்டிருப்பீர்கள். விரலில் வந்தது பெரும்பாலும் தடித்த தூசி. நுரையீரலின் ஆழம்வரை போகும் பொடி அந்த இலையைத் தொடாமலே தாண்டிப் போயிருக்கும். படிந்ததும் அங்கேயே இருந்துவிடுவதில்லை. பலமான காற்று கொஞ்சத்தை மீண்டும் கிளப்பிவிடும், மழை கொஞ்சத்தை மண்ணுக்குக் கழுவிவிடும். இலையின் மெழுகுப் பூச்சில் பதிந்துபோன பங்குதான் இலை உதிரும்வரை நிலைக்கும்.

ஒரு சின்னக் கணக்கு இதைத் தெளிவாக்கும். 100 மீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு ஹெக்டேர் தோப்பு. தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மேலே 4 சதுர மீட்டர் இலை. காற்றில் கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் நுண்துகள். துகள் இலையை நோக்கி வரும் வேகம் நொடிக்கு 0.2 சென்டிமீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். தோப்பு நொடிக்கு 4 மில்லிகிராம் பிடிக்கும். ஆண்டுக்கு 126 கிலோ. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. விளம்பரப் பலகைகளில் வரும் எண்கள் இந்த வகையைச் சேர்ந்தவை.

இப்போது அதே நேரத்தில் தோப்பைக் கடக்கும் காற்றைப் பாருங்கள். மாசு கலந்த காற்று பகலில் தரையிலிருந்து 500 மீட்டர் உயரம்வரை இருப்பதாகக் கொண்டால், தோப்பின் தலைக்கு மேலுள்ள காற்றில் 250 கிராம் நுண்துகள் இருக்கும். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வீசும் மென்காற்றே இந்தக் காற்றை 50 நொடியில் தோப்பைத் தாண்டிக் கொண்டுபோய்விடும். 50 நொடியில் இலைகள் பிடித்தது 0.2 கிராம், அதாவது 0.08 சதவீதம். யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆனால் தரையை ஒட்டிய 10 மீட்டர் உயரக் காற்றை மட்டும் எடுத்தால் அதில் இருப்பது 5 கிராம்; அதில் 0.2 கிராம் என்பது 4 சதவீதம். அதே தோப்பு, அதே இலை, அதே காற்று. எண் மட்டும் ஐம்பது மடங்கு மாறிவிட்டது. 24க்கும் 0.24க்கும் நடுவே உள்ள சண்டை இதுதான்.

ஆகவே இலைப்பரப்பைக் கூட்டி நகரத்தின் காற்றைக் கழுவலாம் என்ற நினைப்பை விட்டுவிடலாம். செடியால் ஆகிற பெரிய வேலை வேறொன்று: காற்று போகும் வழியை மாற்றுவது. அது நமக்கு நன்மையும் செய்யும், கெடுதலும் செய்யும்.

சாலை நெடுக மரம்: நிழல் உண்டு, புகை போக வழியில்லை

இருபுறமும் உயரமான கட்டடங்கள், நடுவே குறுகலான சாலை. கட்டடங்களுக்கு மேலே சாலைக்குக் குறுக்காக வீசும் காற்று உள்ளே இறங்கிச் சுழன்று, வண்டிப் புகையைச் சுருட்டி மேலே எடுத்துச் செல்லும். அந்தச் சாலைக்கு இருக்கும் ஒரே புகைபோக்கி அந்தச் சுழல்தான். அதன் குறுக்கே, மேலே கைகோத்துக்கொள்ளும் மரக்கிளைகளைப் பரப்பினால் சுழல் தளர்ந்துவிடும். புகை கீழேயே தேங்கும். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில், செயற்கையாகக் காற்றை வீசச்செய்யும் சோதனைக்கூடமான காற்றுச் சுரங்கத்தில் சிறிய மாதிரிகளை வைத்து நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. மரம் இருக்கும்போது, காற்று வரும் திசையிலுள்ள கட்டட வரிசையின் அடியில் மாசு கூடியது. எதிர் வரிசையில் சற்றே குறைந்தது. மொத்தத்தில் நட்டமே. 2013இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் பல வகைச் சாலைகளைக் கணினியில் உருவாக்கிப் பார்த்ததிலும் கிட்டத்தட்ட இதே முடிவு: இலையில் படிவதால் கிடைக்கும் ஆதாயத்தைக் காற்றோட்டம் குறைவதால் வரும் இழப்பு விழுங்கிவிடுகிறது.

இதைச் சொன்னால் மரங்களுக்கு எதிரி என்று பெயர் வரும். மரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெயிலில் நடப்பவருக்கு நிழல் பெரிய விஷயம். வெப்பம் குறைவது, மழைநீர் மண்ணில் இறங்குவது, பறவைகள் வருவது எல்லாம் தனிக் கணக்கு. நிழலுக்காக மரம் வையுங்கள், அதை நுண்துகள் கணக்கில் எழுதாதீர்கள் என்பதுதான் என் வாதம். குறுகிய சாலையிலும் வைக்கத்தான் வேண்டும் என்றால் இடைவெளி விட்டு, மேலே கூரைபோல் மூடிக்கொள்ளாத, சிறிய தலையுள்ள மரங்களை வைக்கலாம். இருபுறமும் வெட்டவெளியான அகன்ற சாலையில் இந்தத் தேக்கம் பெரும்பாலும் வராது. அங்கே மரத்தின் குறை வேறு. தண்டு உயர்ந்து, இலை முழுவதும் தலைக்கு மேலே போய்விடுவதால், மூக்கின் உயரத்தில் எந்தத் தடுப்பும் இல்லாமல் புகை அடியில் நுழைந்து வந்துவிடும்.

உயிர்வேலி

அதே கார்ல்ஸ்ரூ காற்றுச் சுரங்கத்தில் மரத்துக்குப் பதிலாகத் தாழ்வான வேலியை வைத்துப் பார்த்தபோது கதை தலைகீழானது. நடைபாதையில் தலை உயரத்தில் மாசு நன்றாகவே குறைந்தது. சாலையின் இரு ஓரங்களிலும் வைத்த வேலிகளைவிட, சாலையின் நடுக்கோட்டில் இடைவெளி இல்லாமல் ஓடிய ஒரே வேலி அதிகம் குறைத்தது. இதில் எனக்குப் பிடித்த விவரம் ஒன்று உண்டு. அந்தச் சோதனையில் புகைக்குப் பதிலாக விட்டது ஒரு வாயுவை. வாயு அங்கே இலையில் ஒட்டப்போவதில்லை. அப்படியிருந்தும் குறைந்தது என்றால், வேலி எதையும் வடிகட்டவில்லை, காற்றைத் திருப்பிவிட்டிருக்கிறது. வண்டியின் புகைக்குழாய் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்கிறது. குழந்தையின் மூக்கு அதிலிருந்து சில அடி தள்ளி. நடுவே ஓர் அடர்ந்த தடுப்பு வந்தால் புகை மேலே ஏறிச் சுற்றி வர வேண்டும். ஏறுவதற்குள் நல்ல காற்றோடு கலந்து நீர்த்துவிடும்.

நிஜ இடங்களிலும் இதற்குச் சான்று உண்டு. இங்கிலாந்தின் லங்காஸ்டரில் ஒரு சாலையோர வீட்டு வரிசையின் முன்னால் வெள்ளி பர்ச் மரங்களைத் தற்காலிகமாக வரிசையாக வைத்தார்கள். வீட்டுக்குள் அளந்த துகள்மாசு பாதிக்கும் மேல் குறைந்தது என்று 2013இல் வெளியான ஆய்வு சொன்னது. மரம் வெல்லும் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுபவர்கள், அவை இளமரங்கள் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். இலைத்தொகுதி தலைக்கு மேலே இல்லை. சாலைக்கும் சன்னலுக்கும் இடையிலேயே இருந்தது. என் பார்வையில் அது வேலி, மரம் அல்ல. பிறகு மான்செஸ்டரில் பள்ளி மைதானங்களின் ஓரத்தில் ஆள் உயரத்துக்கு மரவேலிகளை வைத்து அளந்தபோது, ஊசியிலை வகையான மேற்குச் செந்தேவதாரு வைத்த பள்ளியில் துகள்மாசு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

வேலிக்கு நிபந்தனைகள் கறாரானவை. முதலாவது, தரையிலிருந்தே இலை தொடங்க வேண்டும். அடியில் ஒரு முழம் வெறும் தண்டாக இருந்தால் காற்று அந்தச் சந்தில் நுழைந்து வேகமெடுத்து, மறுபக்கத்தில் வேலியே இல்லாததைவிட மோசமாகிவிடலாம். இரண்டாவது, இடைவெளி கூடாது. மூன்றாவது, ஆண்டு முழுவதும் இலை இருக்க வேண்டும். இலையுதிர்க்கும் செடி, மாசு தேங்கும் பருவத்தில் வெறும் குச்சியாக நிற்கக்கூடும். நெடுஞ்சாலைகளின் ஓரத்துக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016இல் தந்த வழிகாட்டல் சுமார் 5 மீட்டர் உயரமும் 10 மீட்டர் அளவுக்குத் தடிமனும் பேசுகிறது. பள்ளிச் சுவரோரம் ஒரு மீட்டர் மண் மட்டுமே இருப்பவர்களுக்கு இது மலைப்பாக இருக்கலாம். தலையைத் தாண்டும் உயரமும், மறுபக்கம் தெரியாத அடர்த்தியும் இருந்தால் அந்த ஒரு மீட்டரும் பயன்படும். ஆதாயம் சிறிதாக இருக்கும், வேலிக்கு மிக அருகிலேயே இருக்கும்.

வேலிக்குச் சாலைப் பக்கம் நிற்பவருக்கு என்ன ஆகும்? அவருக்கு மாசு கொஞ்சம் கூடும். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைச் சாலைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, வேலிக்குப் பின்னால் கார் நிறுத்துமிடம் வைத்தால் வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

பூங்கா, கூரை, சுவர்

பூங்காவின் உள்ளே காற்று சற்று மேலாக இருப்பதற்கு முக்கியக் காரணம் அங்கே வண்டிகள் இல்லாததும், சாலை தொலைவில் இருப்பதும். இலைகள் சில சதவீதம் சேர்க்கலாம், அவ்வளவே. தூரம் என்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. பெருஞ்சாலையின் நேரடி மாசு 150 முதல் 300 மீட்டருக்குள் பெருமளவு தேய்ந்துவிடுகிறது. ஓடி விளையாடும் குழந்தை, உட்கார்ந்திருப்பவரைவிடப் பல மடங்கு காற்றை உள்ளிழுக்கிறது. ஆகவே ஓடுவதற்குச் சாலையிலிருந்து தள்ளி ஓர் இடம் தருவதே உண்மையான குறைப்பு. வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் அரை முதல் ஒரு ஹெக்டேர் பசுமைவெளி வேண்டும் என்று உலகச் சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு சொல்வதற்கும் காரணம் நுண்துகள் மட்டுமல்ல. நடமாட்டம், மனநலம், வெப்பம் எல்லாம் சேர்ந்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று நெடுஞ்சாலையை ஒட்டிய நிலத்தில் விளையாட்டுத்திடல் அமைப்பதைத்தான் தவிர்க்க வேண்டும். வேறு நிலம் இல்லையென்றால், சாலை ஓரத்தில் அடர்ந்த தோப்பு, திடல் அதற்கு அப்பால். மியாவாக்கி முறையில் நெருக்கமாக நடும் குறுங்காடு இந்த ஓரத்துக்குப் பொருத்தமானது. அதிலுள்ள மரங்களின் எண்ணிக்கை எனக்குப் பொருட்டல்ல, தரைவரை இறங்கிய அடர்த்தியே பொருட்டு.

கூரைத் தோட்டத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சிகாகோவின் 19.8 ஹெக்டேர் பசுமைக் கூரைகள் ஓராண்டில் 1,675 கிலோ மாசை நீக்கின என்று 2008இல் ஒரு கணக்கு வெளியானது. அதில் பாதிக்குமேல் ஓசோன், தரையருகே இருந்தால் மாசாகிவிடும் வாயு. 10 மைக்ரோமீட்டர்வரையிலான துகள்கள் 14 சதவீதம்தான், அதாவது ஹெக்டேருக்கு ஏறத்தாழ 12 கிலோ. வண்டிப் புகையோ பல மாடிகள் கீழே இருக்கிறது. வீட்டைக் குளிர்விக்கக் கூரைத் தோட்டம் போடலாம், நுண்துகளுக்காக வேண்டாம்.

பசுஞ்சுவர் கொஞ்சம் சுவாரசியமானது. காற்று வெளியேறாமல் தேங்கும் ஆழமான குறுஞ்சாலைகளில் சுவர்களைச் செடியால் மூடினால் துகள்மாசு 60 சதவீதம்வரை குறையலாம் என்று 2012இல் ஒரு மாதிரிக் கணக்கு சொன்னது. மரம்போல் காற்றோட்டத்தை மறைக்காது என்பது இதன் பலம். ஆனால் அந்த 60, காற்றே அசையாத சாலையில், சுவர்கள் முழுக்கப் பச்சையாக இருக்கும்போது வரும் உச்சம். நடைமுறையில் ஒரு கட்டடத்தின் முகப்பில் ஒரு துண்டுதான் போடுகிறார்கள். பம்ப் பழுதானால் ஒரே வாரத்தில் காய்ந்துவிடும். நான்கில் கடைசி இடம் இதற்குத்தான்.

எந்தச் செடி என்ற கேள்வி

இடத்துக்கு அடுத்துதான் இனம். மயிரடர்ந்த இலை, சொரசொரப்பான இலை, மெழுகு தடித்த இலை, சிறிதும் நெருக்கமுமான இலை ஆகியவை வழவழப்பான பெரிய இலையைவிட அதிகம் பிடிக்கும். ஊசியிலை மரங்கள் துகள் பிடிப்பதில் முன்னால் நிற்பவை. பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பும் புகையும் தாங்காமல் சில இனங்கள் நலிவதும் உண்டு.

இதைவிட அதிகம் மறக்கப்படுவது மரங்கள் தாமே விடும் ஆவி. யூகலிப்டஸ், பாப்லர், ஓக் வகைகள் பல, ஐசோபிரீன் முதலான வாயுக்களை வெயிலில் ஏராளமாக விடுகின்றன. வண்டிகள் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகளோடு இவை சேர்ந்தால் ஓசோன் பிறக்கும். மரங்கள் விடும் மற்றொரு வகை ஆவியான டெர்பீன்கள் காற்றில் வினைபுரிந்து புதிய நுண்துகளாகவே மாறும். 2006 ஜூலையின் வெப்ப அலையின்போது பெர்லினில் உருவான ஓசோனில் 60 சதவீதம்வரை தாவரங்கள் விட்ட ஆவியால் வந்தது என்று 2017இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. குற்றவாளி மரம் அல்ல, கூடவே புகையும் இருந்ததால்தான் அந்த வினையே நடந்தது. இருந்தாலும் ஆயிரக்கணக்கில் ஒரே இனத்தை வாங்கும் முன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. மகரந்தத்தையும் சேர்த்துத்தான், ஆஸ்துமா உள்ள குழந்தையின் சன்னலோரம் காற்றில் மகரந்தம் பரப்பும் செடி வேண்டாம்.

வேலி எதைப் பேரம் பேச முடியும்

உலகச் சுகாதார அமைப்பு 2021இல் நுண்துகளின் ஆண்டுச் சராசரிக்கான வழிகாட்டல் அளவைக் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. அதை வேலி போட்டு எட்டிவிட முடியுமா? நகரத்தின் நுண்துகளில் பெரும்பங்கு பக்கத்துச் சாலையில் பிறந்தது அல்ல. தொலைவிலிருக்கும் அனல்மின் நிலையம், எரியும் வயல், செங்கல் சூளை, அடுப்பு, வாயுக்களிலிருந்து வழியிலேயே உருவாகும் சல்பேட், நைட்ரேட் எல்லாம் கலந்து பின்னணியாக வருகிறது. சாலையோரத்தில் 60, அரை கிலோமீட்டர் உள்ளே 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 10ஐ மட்டுமே வேலி பேரம் பேச முடியும். அதைப் பாதியாக்கினாலும் 60, 55 ஆகும். சாலையின் பங்கு பெரிதாக இருக்கும் இடத்தில் பலன் கண்ணுக்குத் தெரியும். அந்த 60இல் பின்னணியே 58 ஆக இருக்கும் ஊரில் அதே வேலி ஏமாற்றமாகத் தெரியும்.

அதனால் கன்று வாங்கும் முன் அளந்து பாருங்கள். மலிவான இரண்டு உணர்கருவிகள் போதும். முதல் சில நாள்கள் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து, அவை ஒத்துப் பேசுகின்றனவா என்று பார்த்துவிட்டு, பிறகு ஒன்றைச் சாலையோரத்திலும் மற்றொன்றை உள்ளேயும் வைக்க வேண்டும். ஈரப்பதம் மிகுந்த காலையில் இந்தக் கருவிகள் நீரேறிப் பருத்த துகள்களைப் பார்த்து எண்ணைக் கூட்டிக் காட்டும். அந்த மணி நேரங்களை நம்ப வேண்டாம். இரண்டுக்கும் வித்தியாசம் மிகச் சிறிது என்றால் வேலிக்கான பணத்தை வகுப்பறையில் நல்ல வடிகட்டி வைக்கச் செலவழிப்பது மேல். பசுமைக் கட்டுரையில் இதைச் சொல்வது அபசகுனமாக இருக்கலாம். மூடிய அறையில் வடிகட்டி செய்யும் வேலையைத் திறந்த வெளியில் எந்தச் செடியும் செய்யாது.

வித்தியாசம் கணிசமாக இருந்தால் வேலியே. அதற்கான பணத்தில் ஒரு பங்கை முதல் நாளே ஒதுக்கி வைத்துவிட வேண்டும். பூங்காவில் ஒரு மரம் பட்டுப்போனால் ஒரு மரம் குறையும், அவ்வளவுதான். வேலியில் ஒரு செடி பட்டுப்போனால் அங்கே ஒரு வாசல் திறந்துவிடும். காற்று அந்த வாசலைத் தேடி வந்து நுழையும். மாற்றுக் கன்று, தண்ணீர், அடிக்கிளையை வெட்டாமல் மேலே மட்டும் கத்தரிக்கத் தெரிந்த தோட்டக்காரர் ஆகிய மூன்றும் ஆண்டுதோறும் வேண்டும். அழகுக்காக அடியைச் சுத்தம் செய்கிறேன் என்று கீழ்க்கிளைகளைக் கழித்துவிட்டால் மூன்று ஆண்டு உழைப்பு ஒரு மாலையில் போய்விடும்.

வேலி நெருங்கி வளரச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை பிள்ளைகள் வண்டிக்காகக் காத்து நிற்கும் இடத்தைச் சாலைப் பக்கத்து வாசலிலிருந்து பின்வாசலுக்கு மாற்றிவிடலாம். அதற்கு நாளைக் காலையே போதும், தண்ணீர் ஊற்றவும் வேண்டியதில்லை.